கண்ணாடியில் அசையாத புள்ளி

வயல்களுக்கு நடுவே நேராக ஓடும் சாலை. நீங்கள் பைக்கில் போகிறீர்கள். இடப்பக்கத்திலிருந்து இன்னொரு சாலை வந்து தூரத்தில் உங்கள் சாலையை வெட்டுகிறது. அதில் ஒரு லாரி வந்துகொண்டிருக்கிறது. நடுவில் மரமில்லை, வீடில்லை, அறுவடை முடிந்த வெற்று வயல்தான். இருந்தும் இப்படிப்பட்ட இடங்களில் விபத்து நடக்கிறது. “இவ்வளவு வெட்டவெளியில எப்படிய்யா லாரி தெரியாமப் போச்சு?” என்று ஊரே கேட்கும். “சத்தியமா நான் பார்க்கவே இல்லை” என்பார் அடிபட்டவர். யாரும் நம்ப மாட்டார்கள்.

பெரும்பாலும் அவர் சொல்வது உண்மை. நீங்களும் லாரியும் சீரான வேகத்தில் போய், சந்திப்புப் புள்ளியை ஒரே நேரத்தில் அடையப் போகிறீர்கள் என்று வையுங்கள். நீங்கள், லாரி, சந்திப்பு மூன்றையும் கோடுகளால் இணைத்தால் ஒரு முக்கோணம். நொடிக்கு நொடி அந்த முக்கோணம் சிறுத்துக்கொண்டே வரும், ஆனால் அதன் வடிவம் மாறாது. வடிவம் மாறவில்லை என்றால் கோணமும் மாறாது. ஆக, லாரி உங்கள் பார்வையில் எப்போதும் ஒரே திசையில், அசையாமல் நிற்கும். மோதாமல் விலகிப்போகும் வண்டிதான் பார்வையில் நகரும். மோத வருவது நகராது.

கடலோடிகளுக்கு இது பழைய பாடம். தூரத்துக் கப்பல் ஒரே திசையில் நின்றபடி பெரிதாகிக்கொண்டே வந்தால் சுக்கானைத் திருப்பிவிட வேண்டும். ஆனால் நம் கண் அசைவைப் பிடிப்பதில்தான் கெட்டி. ஓரத்தில் ஒரு பல்லி ஓடினால் உடனே திரும்புகிறோம். அசையாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் பல்லியை மணிக்கணக்கில் கவனிப்பதில்லை. எது கொல்லுமோ அதையே கவனிக்காத கண் நமக்கு வாய்த்திருக்கிறது.

இதே சிக்கலை வானத்துக்குக் கொண்டுபோவோம்.

கடுகு, உளுந்து, நெல்லிக்காய்

டென்மார்க்கின் யூட்லாந்துப் பகுதியில் உள்ள ஹெர்னிங், பிராண்டே ஆகிய ஊர்கள் ஈழத்தமிழர்களுக்குப் பழக்கமானவை. பிராண்டேயில் அபிராமி அம்மன் கோயில்கூட இருக்கிறது. இந்த இரண்டு ஊர்களுக்கும் இடையே ஆர்ன்போர்க் என்ற இடத்தில் டென்மார்க்கின் கிளைடர் பறப்பாளர்களுடைய தேசிய மையம் அமைந்திருக்கிறது. மேற்குக் கரையில் ஸ்டௌனிங் விமானத் திடலில் ஆண்டுதோறும் கோடையில் பழைய விமானங்களும் வீட்டில் கட்டிய விமானங்களும் கூடுகின்றன. 1906 செப்டம்பர் 12 அன்று லிண்ட்ஹோல்ம் என்ற சிறு தீவில் யாக்கோப் எல்லஹாமர் தன் கையால் செய்த எந்திரத்தில், ஒரு கம்பத்தோடு கயிற்றால் பிணைக்கப்பட்டபடி, 42 மீட்டர் தூரம் தரையைவிட்டு எழும்பிய நாடு அது. தானே கட்டித் தானே பறப்பது அங்கே பழைய ஆசை.

நாடு முழுவதும் தட்டை. இயற்கையான உயரமான இடமே கடல்மட்டத்திலிருந்து சுமார் 171 மீட்டர்தான். மறைக்க மலை இல்லாத அந்த வானத்தில் ஒரு விமானி இன்னொரு விமானத்தைப் பார்க்க எவ்வளவு நேரம் கிடைக்கும்?

இரண்டு சிறு விமானங்கள் எதிரெதிராக வருகின்றன. ஒவ்வொன்றும் மணிக்கு 200 கிலோமீட்டர் வேகம். இடைவெளி நொடிக்கு 111 மீட்டர் வீதம் குறைகிறது. இறக்கையின் முழு நீளம் 10 மீட்டர். மோதலுக்கு 36 நொடி முன்பு இடைவெளி 4 கிலோமீட்டர். அப்போது அந்த விமானம், கையை நீட்டிப் பிடித்த ஒரு கடுகின் அளவுதான் தெரியும். பன்னிரண்டரை நொடி இருக்கும்போது அது உளுந்து அளவு. மூன்று நொடி இருக்கும்போது அரைநெல்லிக்காய் அளவு. அதற்குப் பிறகு திடீரென்று கண்ணாடியை நிறைத்துவிடும்.

பன்னிரண்டரை நொடியைச் சும்மா எடுக்கவில்லை. ஒரு பொருளைக் கண்டு, அது விமானம் என்று உணர்ந்து, மோத வருகிறது என்று முடிவுகட்டி, விசையைத் திருப்பி, விமானம் உண்மையில் திரும்பும்வரை ஆகும் நேரம் என்று அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் வழிகாட்டி தரும் கணக்கு அது. அதாவது உளுந்தாக இருக்கும்போதே கண்டுபிடித்தாக வேண்டும். அந்த உளுந்தும் இறக்கையின் நீள அளவுதான். உடல் அதைவிட மெல்லியது. சாம்பல் நிற மேகப் பின்னணியில் வெள்ளை உளுந்து. அதுவும் அசையாத உளுந்து.

‘பார், விலகு’ என்பதுதான் கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் பொறுப்பில் இல்லாத வான்வெளியில் சிறு விமானங்களுக்கான அடிப்படை விதி. அந்த விதி எந்த அளவுக்குக் கண்ணை நம்பலாம் என்பதை ஆஸ்திரேலிய வான்பாதுகாப்பு விசாரணை அமைப்பு 1991இல் ஓர் அறிக்கையில் அலசியது. கண் மட்டும் போதாது என்பது அதன் முடிவு. அதில் நம்பிக்கை தரும் ஒரு செய்தியும் இருந்தது. எந்தத் திசையில் தேட வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால், தேடலின் திறன் சுமார் எட்டு மடங்கு கூடுகிறது. அருகில் வரும் விமானத்தைக் காட்டித்தர வீட்டிலேயே செய்துகொள்ளும் ஓர் எச்சரிக்கைப் பெட்டியைப் பற்றித்தான் இனிப் பார்க்கப் போகிறோம். அதன் நோக்கம் முழுவதும் இந்த எட்டு மடங்கில் அடங்கியிருக்கிறது. கண் செய்யும் வேலையை அது செய்யாது, எங்கே பார்ப்பது என்று கண்ணுக்குச் சொல்லும்.

கேட்டால் சொல்வது, கேட்காமலே சொல்வது

பெரிய விமானங்கள் எப்படித் தப்பிக்கின்றன? 1996 நவம்பர் 12 அன்று ஹரியானாவின் சர்க்கி தாத்ரிக்கு மேலே சவூதி விமானமும் கசகஸ்தான் விமானமும் மோதி 349 பேர் இறந்தார்கள். நடுவானில் நடந்த மோதல்களில் இதுவரை மிக அதிக உயிர்களைப் பறித்தது அதுதான். அதன் பிறகு இந்தியாவில் மோதல் தவிர்ப்புக் கருவி பெரிய விமானங்களுக்குக் கட்டாயமானது. அந்தக் கருவி பக்கத்து விமானங்களைப் பார்த்து ‘நீ யார், எவ்வளவு உயரம்?’ என்று ரேடியோவில் கேள்வி கேட்கும். அவற்றில் இருக்கும் டிரான்ஸ்பாண்டர் என்ற மறுமொழிக் கருவி பதில் சொல்லும். கேள்விக்கும் பதிலுக்கும் இடையே ஆன நேரத்தைக் கொண்டு தூரத்தைக் கணக்கிடுகிறார்கள். எதிரொலி வரும் நேரத்தைக் கொண்டு பாறை எவ்வளவு தூரம் என்று சொல்வதுபோல.

கேள்வி கேட்கும் கருவி விலை உயர்ந்தது, கனமானது, மின்சாரம் குடிப்பது. மரச்சட்டமும் துணியும் கொண்ட ஒரு பழைய இரண்டு இருக்கை விமானத்தில் அதை வைக்க முடியாது. சிலவற்றில் மின்னாக்கிகூட இருக்காது.

அதனால் இன்னொரு வழி வந்தது. யாரும் கேட்க வேண்டாம். ஒவ்வொரு விமானமும் தானாகவே தன் இடத்தை அறிவித்துக்கொண்டிருக்கட்டும். மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவு வந்ததும் ஓட்டுநர் ஹாரன் அடிக்கிறார். எதிரே யார் இருக்கிறார், இருக்கிறாரா என்றே அவருக்குத் தெரியாது. காது உள்ளவர் கேட்டுக்கொள்ளட்டும் என்று அடிக்கிறார். விமானத்தின் ஹாரன் இன்னும் விவரமானது. “நான் இன்னார், இந்த அட்சரேகையில், இந்தத் தீர்க்கரேகையில், இவ்வளவு உயரத்தில் இருக்கிறேன்” என்று நொடிக்கு இரண்டு முறை ஒலிக்கும். தன் இடத்தை அது ஜிபிஎஸ் மூலம் அறிகிறது. இந்த ஏற்பாட்டுக்கு ஏடிஎஸ்-பி என்று பெயர். தமிழில் ‘தன்னிருப்பு அறிவிப்பு’ எனலாம். உலகம் முழுவதும் அது 1090 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒலிக்கிறது, மறையாக்கம் எதுவும் இல்லாமல். கேட்கக் காது இருந்தால் போதும்.

தொலைக்காட்சிப் பெட்டிக்குள் ஒரு காது

அந்தக் காது எதிர்பாராத இடத்திலிருந்து கிடைத்தது. கணினியின் யுஎஸ்பி துளையில் செருகித் தொலைக்காட்சி பார்ப்பதற்காக விற்கப்பட்ட கட்டைவிரல் அளவுக் கருவிகள் ஐரோப்பாவில் 20 டாலர் அளவிலேயே கிடைத்தன. அவற்றில் ரியல்டெக் நிறுவனத்தின் ஒரு சில்லு இருந்தது. 2012 பிப்ரவரியில் பின்லாந்தைச் சேர்ந்த மென்பொருளாளர் அந்தி பலோசாரி ஒரு விந்தையைக் கவனித்தார். எஃப்எம் வானொலி கேட்கும் முறையில் அந்தச் சில்லு எந்த வேலையும் செய்வதில்லை. ஆன்டெனாவில் விழும் அலையை நொடிக்கு லட்சக்கணக்கான முறை அளந்து, அந்த எண்களை அப்படியே கணினிக்குக் கொட்டிவிடுகிறது. பாட்டாக மாற்றுவது கணினியின் பாடு.

இதன் பொருள் பெரிது. அரைத்த மாவை விற்கும் கடை, திடீரென்று அரிசியாகவே கொடுக்கத் தொடங்கினால் அதை இட்லியாக்கலாம், பொங்கலாக்கலாம், பாயசமாக்கலாம். அலையின் எண்கள் பச்சையாகக் கிடைத்தால் எந்த வானொலியையும் மென்பொருளிலேயே செய்துகொள்ளலாம். ‘மென்பொருள் வானொலி’ என்ற இந்தக் கருத்து முன்பே இருந்தது. ஆனால் அதற்கான கருவிகள் ஆய்வகங்களின் விலையில் இருந்தன. விரைவிலேயே சிசிலியைச் சேர்ந்த சால்வதோரே சன்ஃபிலிப்போ, விமானங்களின் அறிவிப்பைப் பிரித்துப் படிக்கும் டம்ப்1090 என்ற நிரலை எழுதி இலவசமாக வெளியிட்டார். 2015இல் அமெரிக்காவில் ஸ்ட்ரேடக்ஸ் என்ற திறந்த மென்பொருள் திட்டம் தொடங்கியது. டம்ப்1090 போன்ற நிரலை ராஸ்பெர்ரி பை என்னும் சீட்டுக்கட்டு அளவுக் கணினியில் ஓட்டி, விமானத்துக்குள் கொண்டுபோகும் பெட்டியாக்கியது அது. ஐரோப்பிய வானத்துக்கு ஏற்றபடி திருத்திய பதிப்பும் பின்னர் வந்தது.

ஆக, பெட்டிக்குள் இருப்பவை இவ்வளவுதான்: ஒரு சிறு கணினி, ஒன்றோ இரண்டோ தொலைக்காட்சிச் செருகிகள், ஒரு ஜிபிஎஸ் வாங்கி, காற்றழுத்தம் அளக்கும் சில்லு, கைப்பேசிக்குச் சார்ஜ் ஏற்றும் பவர் பேங்க், ஆன்டெனாக்கள். படம் விமானியின் டேப்லெட்டில் வைஃபை வழியாகத் தெரியும்.

ஆன்டெனாவைக் கையாலேயே செய்யலாம். 1090 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 27.5 சென்டிமீட்டர். அதில் கால்பங்கு 6.9 சென்டிமீட்டர், ஏறக்குறைய உங்கள் ஆள்காட்டி விரலின் நீளம். கேபிள் கம்பியின் மேலுறையை அந்த நீளத்துக்குச் சீவி நடுக்கம்பியை நிமிர்த்தினால் அது ஆன்டெனா. ஊஞ்சலின் கயிற்று நீளத்துக்கு ஏற்ற தாளத்தில் தள்ளினால்தான் அது உயர எழும்பும். அதுபோல இந்த நீளம் அந்த அலைக்கு மட்டும் எளிதில் ஆடும். ஆனால் அதை எங்கே வைக்கிறோம் என்பதில்தான் சூட்சுமம். உலோகமும் கார்பன் இழையும் அலையை மறைக்கும். நீரால் ஆன மனித உடலும் மறைக்கும். பெட்டியை இருக்கைக்குப் பின்னால் வைத்தால், விமானியின் முதுகே முன்னால் வரும் விமானத்தை மறைத்துவிடும்.

நான்கு தட்டு, நூற்றுப்பன்னிரண்டு அட்சரம்

பெட்டி எப்படிக் கேட்கிறது என்பதை அருகில் போய்ப் பார்க்கலாம். ஆன்டெனாவில் எப்போதும் இரைச்சல் விழுந்துகொண்டே இருக்கிறது. சந்தை இரைச்சலில் யாரோ நம் பெயரைச் சொல்வதைக் கண்டுகொள்வதுபோல, அதில் ஒரு செய்தி தொடங்குவதை அறிய வேண்டும். இதற்காகவே ஒவ்வொரு செய்தியும் நான்கு தட்டுகளோடு தொடங்குகிறது. முதல் தட்டு, 1 மைக்ரோநொடி கழித்து இரண்டாவது, பிறகு சற்று நீண்ட இடைவெளி விட்டு மூன்றாவது, மறுபடி 1 மைக்ரோநொடி கழித்து நான்காவது. மைக்ரோநொடி என்பது நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ‘தகதக்... தகதக்’ என்ற இந்த ஜதியை நிரல் ஓயாமல் தேடுகிறது. கேட்டதும் நிமிர்ந்து உட்காருகிறது.

அடுத்து 112 பிட்டுகள், ஒவ்வொன்றுக்கும் 1 மைக்ரோநொடி. ஒரு பிட்டின் நேரத்தை இரண்டாகப் பிரியுங்கள். முதல் பாதியில் அலை இருந்தால் அது 1, இரண்டாம் பாதியில் இருந்தால் அது 0. செருகி நொடிக்கு 20 லட்சம் முறை அளந்தால், ஒரு பிட்டுக்குச் சரியாக இரண்டு அளவுகள் கிடைக்கும். முதலாவது பெரிதா, இரண்டாவது பெரிதா என்று பார்த்தால் போதும். அவ்வளவு பெரிய தொழில்நுட்பத்தின் அடியில் இருப்பது தராசு பார்க்கும் வேலை!

112இல் முதல் 5 பிட்டுகள் இது என்ன வகைச் செய்தி என்கின்றன; அடுத்த 3 கருவியின் திறனைச் சொல்கின்றன. அதற்கடுத்த 24 விமானத்தின் முகவரி. இது பிறந்த குழந்தைக்குக் கொடுக்கும் எண்போல, உலகில் ஒரு விமானத்துக்கு ஒன்றே. நாடுகளுக்கு இந்த முகவரிகள் தொகுதி தொகுதியாகப் பிரித்துக் கொடுக்கப்பட்டுள்ளன. டென்மார்க்குக்கு 32,768, இந்தியாவுக்கு 2,62,144. அடுத்த 56 பிட்டுகளில் இடமும் உயரமும், அல்லது வேகமும் திசையும். கடைசி 24 சரிபார்ப்பு எண். முன்னால் உள்ள எல்லா பிட்டுகளையும் ஒரு குறிப்பிட்ட முறையில் வகுத்துக் கிடைக்கும் மீதி அது. பெட்டியும் அதே கணக்கைப் போட்டுப் பார்க்கிறது. விடை ஒத்துவந்தால் செய்தி பழுதில்லாமல் வந்திருக்கிறது. ஒத்துவராவிட்டால் குப்பையில் போட்டுவிடுகிறது. இரைச்சலில் தற்செயலாக அந்த ஜதி கேட்டாலும் பொய் விமானம் திரையில் முளைக்காமல் காப்பது இந்தக் கணக்குத்தான்.

இடத்தைச் சொல்லும் முறையில் ஒரு சிக்கனம் உண்டு. முழு அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் சொல்ல 56 பிட்டுகளில் இடம் இல்லை. அதனால் வீட்டுக் கதவு எண்ணை மட்டும் சொல்லித் தெருவின் பெயரை விட்டுவிடுகிறார்கள். முழுவட்டத்தை 60 பட்டைகளாகப் பிரித்து, பட்டைக்குள் எங்கே இருக்கிறேன் என்று மட்டும் ஒரு செய்தி சொல்கிறது. அடுத்த செய்தி அதே வட்டத்தை 59 பட்டைகளாகப் பிரித்துச் சொல்கிறது. இரண்டையும் பொருத்திப் பார்த்தால் எந்தப் பட்டை என்பது வெளிப்பட்டுவிடும்.

இது நம் பஞ்சாங்கக் கணக்குதான். ‘ரோகிணி நாள்’ என்று மட்டும் சொன்னால் ஆண்டில் பதின்மூன்று நாள்களில் எதுவாகவும் இருக்கலாம். ‘வெள்ளிக்கிழமை’ என்று மட்டும் சொன்னால் ஐம்பத்திரண்டு. ‘வெள்ளிக்கிழமையோடு கூடிய ரோகிணி’ என்றால் ஒன்றோ இரண்டோதான். ஏழும் இருபத்தேழும் வெவ்வேறு தாளத்தில் சுற்றுவதால் வரும் வசதி அது. அறுபதும் ஐம்பத்தொன்பதும் அப்படியே.

டென்மார்க்கில் இன்னும் ஒரு சௌகரியம். அறுபதில் ஒரு பட்டையின் அகலம் 6 பாகை, சுமார் 667 கிலோமீட்டர். வடக்கு தெற்காகப் பார்த்தால் டென்மார்க் முழுவதும் 54ஆம் பாகைக்கும் 60ஆம் பாகைக்கும் நடுவே, ஒரே பட்டைக்குள் அடங்கிவிடுகிறது. தன் இடத்தை ஜிபிஎஸ் மூலம் அறிந்த பெட்டிக்கு ஒரே செய்தி போதும். தெரு ஏற்கெனவே தெரியும். அந்தப் பட்டையை 17 பிட்டுகள் 1,31,072 பங்காக வெட்டுகின்றன. ஆக ஒரு பங்கு சுமார் 5 மீட்டர். விமானத்தின் இறக்கை நீளத்தில் பாதி.

உயரம் என்பது அழுத்தம்

இங்கே புதிதாகப் பெட்டி கட்டுபவர்கள் சறுக்கும் ஓர் இடம் இருக்கிறது. ஜிபிஎஸ் என் உயரத்தைச் சொல்கிறது. எதிர் விமானத்தின் உயரம் செய்தியில் வருகிறது. இரண்டையும் கழித்தால் வித்தியாசம் கிடைத்துவிடுமே என்று தோன்றும். கிடைக்காது. விமானம் அறிவிக்கும் உயரம் காற்றழுத்தத்திலிருந்து வருவது. மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறையும். தரைக்கு அருகே ஒவ்வொரு ஹெக்டோபாஸ்கல் குறைவுக்கும் சுமார் 8 மீட்டர் ஏறியதாகக் கணக்கு. கடல்மட்டத்தில் அழுத்தம் எப்போதும் 1013.25 என்று வைத்துக்கொண்டு உலகத்தில் எல்லா டிரான்ஸ்பாண்டர்களும் உயரத்தைச் சொல்கின்றன.

வட கடலிலிருந்து ஒரு தாழ்வு மண்டலம் டென்மார்க்குக்கு மேலே வந்து அழுத்தம் 980க்கு இறங்கியிருக்கிறது என்று வையுங்கள். 33 ஹெக்டோபாஸ்கல் வித்தியாசம். ஜிபிஎஸ் உயரத்துக்கும் அறிவிக்கப்பட்ட உயரத்துக்கும் இடையே ஏறக்குறைய 270 மீட்டர் பொய் புகுந்துவிடும். நேராக மோத வரும் விமானத்தை, தலைக்கு மேலே பத்திரமாகப் போகிறது என்று திரை காட்டும். அதனால்தான் பெட்டிக்குள் அந்தச் சின்ன அழுத்தச் சில்லு. எல்லாருடைய படியும் தவறாகவே இருக்கட்டும், ஆனால் ஒரே படியாக இருந்தால் ஒப்பிட்டுவிடலாம்.

சொல்வது உண்மைதானா?

இந்த ஏற்பாடு நம்பிக்கையின் மேல் நிற்கிறது. விமானம் ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்கிறது, நாம் நம்புகிறோம். சரிபார்ப்பு எண் செய்தி வழியில் கெடவில்லை என்று மட்டுமே சொல்லும், சொன்னது உண்மை என்று சொல்லாது. தவறான தேதி அச்சான கல்யாணப் பத்திரிகையும் கிழியாமல் வந்து சேரும் அல்லவா?

உண்மையைச் சோதிக்க வேறு வழி உண்டு. ரேடியோ அலை 1 மைக்ரோநொடியில் 300 மீட்டர் போகிறது. ஒரே செய்தியைத் தரையில் நான்கு இடங்களில் கேட்டு, எது எவ்வளவு முன்பின் என்று குறித்தால், அலை எங்கிருந்து கிளம்பியது என்று கணக்கிடலாம். இடி எந்தப் பக்கத்து ஊரில் முதலில் கேட்டது என்று விசாரித்து இடி விழுந்த இடத்தைக் கண்டுபிடிப்பதுபோல. விமானம் சொன்ன இடமும் கணக்கிட்ட இடமும் பொருந்தினால் நம்பலாம். உலகெங்கும் தன்னார்வலர்கள் மொட்டைமாடியில் வைத்திருக்கும் இதே செருகிகள் இந்தச் சோதனையை அன்றாடம் செய்துவருகின்றன.

இது வெறும் புத்தகச் சந்தேகமும் இல்லை. பால்டிக் கடல் பகுதியில் அண்மை ஆண்டுகளில் ஜிபிஎஸ் குறுக்கீடு அடிக்கடி நடக்கிறது. 2024 ஏப்ரல் இறுதியில் ஃபின்ஏர் நிறுவனம் எஸ்தோனியாவின் தார்த்து நகருக்கான சேவையை அதனால் ஒரு மாதம் நிறுத்தியது. நல்ல வேளையாக, ஒவ்வொரு விமானமும் தன் இடத்தை மட்டுமல்லாமல், அதை எந்த அளவுக்கு நம்பலாம் என்ற மதிப்பெண்ணையும் சேர்த்தே அறிவிக்கிறது. குறுக்கீடு உள்ள பகுதிக்குள் நுழையும் விமானங்களின் மதிப்பெண் ஒன்றாகச் சரியும். அந்தச் சரிவுகளை வரைபடத்தில் குறித்தே குறுக்கீட்டின் எல்லையைக் கண்டுபிடிக்கிறார்கள்.

வாய் திறக்காதவர்கள்

இதுவரை சொன்னதெல்லாம் ஹாரன் அடிப்பவர்களைப் பற்றி. ஐரோப்பிய விதிப்படி ஏடிஎஸ்-பி கட்டாயம் என்பது 5,700 கிலோவுக்கு மேற்பட்ட அல்லது மிக வேகமான விமானங்களுக்குத்தான். ஆர்ன்போர்க்கில் எழும் கிளைடருக்கோ, ஸ்டௌனிங்கில் இறங்கும் பழைய இரண்டு இருக்கை விமானத்துக்கோ அந்தக் கட்டாயம் இல்லை. ஆகவே 20 டாலர் காது, 10 கிலோமீட்டர் உயரத்தில் போகும் பயணிகள் விமானத்தைத் தெளிவாகக் கேட்கும். பக்கத்தில் மோதக்கூடிய சிறு விமானத்தைக் கேட்காமல் போகும்.

சில சிறு விமானங்களில் பழைய டிரான்ஸ்பாண்டர் இருக்கும். அது ராடார் கேட்டால் உயரம் சொல்லும், இடம் சொல்லாது. அவற்றுக்குப் பெட்டி அலையின் வலிமையைப் பார்க்கிறது. கோயில் திருவிழா மேளச்சத்தம் கூடிக்கொண்டே வந்தால் ஊர்வலம் நெருங்குகிறது என்று தெரியும். எந்தத் தெருவில் என்று தெரியாது. திரையிலும் அப்படித்தான், புள்ளிக்குப் பதில் உங்களைச் சுற்றி ஒரு வளையம் தோன்றும். இந்த உயரத்தில், ஏறக்குறைய இந்தத் தூரத்தில் யாரோ இருக்கிறார். எந்தப் பக்கம் என்று நீங்களே பாருங்கள்.

கிளைடர்காரர்கள் வேறு வழி கண்டார்கள். எஞ்சின் இல்லாத அவர்கள் வெப்பக்காற்றுத் தூணைத் தேடி, பருந்துகளைப்போல ஒரே தூணில் பலர் வட்டமிடுகிறார்கள். எப்போதும் நெருக்கத்தில்தான் பறக்கிறார்கள். வெறுமனே ‘அருகில் ஆள்’ என்று எச்சரித்தால் மணி ஓயாமல் அடிக்கும். 2004இல் சுவிட்சர்லாந்தில் தொடங்கிய ஃப்ளார்ம் என்ற கருவி, இப்போதைய இடத்தோடு அடுத்த சில நொடிகளின் வளைந்த பாதையையும் கணித்து அறிவிக்கிறது. இரண்டு பாதைகள் உண்மையிலேயே சந்தித்தால் மட்டும் எச்சரிக்கிறது. அது 868 மெகாஹெர்ட்ஸ் பகுதியில், உரிமம் தேவையில்லாத மிகச் சிறு திறனில் பேசுகிறது. டிரான்ஸ்பாண்டர் நூறு வாட்டுக்கு மேல் முழங்கும் இடத்தில் இது வாட்டில் நாற்பதில் ஒரு பங்கு அளவில் முணுமுணுக்கிறது. ஐரோப்பியப் பெட்டிகளில் இரண்டாவது செருகி இருப்பது இதைக் கேட்கத்தான்.

ஆனால் ஃப்ளார்ம் மொழி தனியுரிமை கொண்டது, மறையாக்கம் செய்யப்பட்டது. பிரிட்டனில் பைலட்அவேர் என்ற கருவி வேறு மொழி பேசுகிறது. ஆர்வலர்கள் செய்த திறந்த கருவிகள் இன்னொன்று பேசுகின்றன. ஒரே வானத்தில் பறந்துகொண்டே ஒருவர் கத்துவது அடுத்தவருக்குக் கேட்காத நிலை. இதற்காக ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமை 2022இல் ஏடிஎஸ்-எல் என்ற எளிய பொதுமொழியை வெளியிட்டது. மலிவான கருவிகளும் பேசக்கூடிய, யாரும் படிக்கக்கூடிய மொழி. ட்ரோன்கள் வானத்தைப் பங்குபோட வந்ததும் ஒரு காரணம்; டென்மார்க்கிலேயே ஓடென்ஸ விமான நிலையம் ட்ரோன் சோதனைக்கென்று ஒரு மையத்தை நடத்துகிறது.

இரண்டு பால் பாக்கெட் அளவு செயற்கைக்கோள்

வீட்டு மேசையில் கேட்கும் அதே 112 பிட்டுகளை விண்வெளியிலிருந்து கேட்டவர்களும் டென்மார்க்கில் இருக்கிறார்கள். ஆல்போர்க் நகரில், அங்குள்ள பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள் 2007இல் தொடங்கிய கோம்ஸ்பேஸ் நிறுவனம், 2013 நவம்பர் 21 அன்று கோம்எக்ஸ்-1 என்ற செயற்கைக்கோளை அனுப்பியது. அளவு 10க்கு 10க்கு 20 சென்டிமீட்டர், இரண்டு பால் பாக்கெட்டுகளை அடுக்கியதுபோல. ஒரு சுருள் ஆன்டெனாவும் மென்பொருள் வானொலியும் கொண்டு அது கீழே பறக்கும் விமானங்களின் ஹாரனைக் கேட்டது. பூமிக்கு மேலிருந்து இந்த அறிவிப்பைக் கேட்ட தொடக்ககாலச் செயற்கைக்கோள்களில் அது ஒன்று.

டென்மார்க்குக்கு இதில் அக்கறை இருக்கக் காரணம் கிரீன்லாந்து. பனிப்பாலையில் ராடார் நடுவது கடினம், மேலிருந்து கேட்கலாம். 2019இல் சேவையைத் தொடங்கிய ஏரியான் என்ற உலகளாவிய விண்வெளிக் கண்காணிப்பு நிறுவனத்தில் டென்மார்க்கின் வான்வழிச் சேவை நிறுவனமான நவியேரும் பங்குதாரர்.

இந்த முழுக்கதையிலும் திரும்பத் திரும்பத் தெரிவது ஒன்று. கேட்பது மலிவாகிவிட்டது, ஒரு வார இறுதியில் மேசையில் கட்டிவிடலாம். எல்லாருக்கும் புரியும் ஒரே மொழியில் எல்லாரும் வாய் திறப்பதற்குத்தான் ஐரோப்பாவுக்கு ஃப்ளார்ம் தொடங்கி இருபது ஆண்டுகள் போதவில்லை. விரலளவுக் கம்பியால் தீராத பகுதி அது. பெட்டியை நம்பி வானம் காலி என்று நினைப்பவர், பெட்டி இல்லாதவரைவிட ஆபத்தானவர். திரையில் ஒருவர் தெரிந்தால் அங்கே ஒருவர் இருக்கிறார். திரையில் யாரும் தெரியாவிட்டால், யாரும் சொல்லவில்லை என்று மட்டுமே பொருள்.

பெட்டி மணி அடித்ததும் விமானி செய்ய வேண்டியது ஒன்றுதான். திரையை விட்டுவிட்டு, அது காட்டிய திசையில் கண்ணாடிக்கு வெளியே பார்க்க வேண்டும். அங்கே அசையாமல் நிற்கும் அந்தச் சின்னப் புள்ளியைத் தேட வேண்டும்.